ஏக்கருக்கு எத்தனை லிட்டர்?
டிராக்டர் டீசல் கணக்கைச் சரியாகப் போடும் வழி

பைக் வாங்கினாலும் கார் வாங்கினாலும் ஊரில் முதலில் வரும் கேள்வி, “மைலேஜ் எவ்வளவு தருது?” என்பதுதான். லிட்டருக்கு 55 கிலோமீட்டர், 18 கிலோமீட்டர் என்று பதிலும் உடனே வந்துவிடும். டிராக்டர் வைத்திருப்பவரிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். “மணிக்கு அஞ்சு லிட்டர் குடிக்குது” என்பார். அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நிலம் உழுதது என்பது அந்தப் பதிலில் இல்லை. டீசல் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கண்ணில் படாமல் போகிறது.

டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், சொந்த டிராக்டர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு ஓட்டுக்கூலி, தேய்மானம், தவணை எல்லாவற்றையும்விட அன்றாடம் கையைக் கடிப்பது டீசல் செலவுதான். வாடகைக்கு உழவு ஓட்டுபவருக்கும் இதே பாடுதான். வாடகையை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது, பக்கத்து ஊர் வண்டி வந்துவிடும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் டீசலில்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சொந்த நிலம் நான்கு ஏக்கர். 45 ஹெச்.பி. டிராக்டர், இரண்டாம் கையாக வாங்கியது. சொந்த வயல் போக, ஆண்டுக்குச் சுமார் 200 ஏக்கர் வாடகை உழவு. ஒன்பது கொத்துக் கலப்பைதான் முக்கியக் கருவி. டீசல் செலவு கூடிக்கொண்டே போக, மெக்கானிக்கிடம் காட்டுகிறார்கள். “இன்ஜின் களைச்சுப் போச்சுண்ணே. பிரிச்சு வேலை பார்த்தாத்தான் சரியாகும். எழுபதாயிரம் வரைக்கும் வரும்” என்கிறார் அவர்.

அந்தப் பணத்துக்கு நகையை அடகு வைப்பதா, வண்டியையே விற்றுவிடுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கணக்கு நோட்டை எழுதுபவர் மனைவி. அவர் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்: “வண்டி எவ்வளவு குடிச்சுதுன்னு நாள் தவறாம எழுதியிருக்கோம். எவ்வளவு உழுதுச்சுன்னு எழுதவே இல்லையேங்க?”

இந்தக் கேள்விதான் டிராக்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் எழ வேண்டியது. இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய முதல் வேலை, ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்று அளப்பது.

அளப்பது எப்படி?

இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். அளவு குறித்த ஐந்து லிட்டர் கேன் ஒன்றும், நேரம் பார்க்க ஒரு செல்போனும் போதும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டேங்கின் கழுத்துவரை டீசல் நிரப்புங்கள். பரப்பு தெரிந்த ஒரு வயலை உழுது முடியுங்கள். ஒரு ஏக்கருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. மறுபடியும் அதே சமதளத்தில் அதே திசையில் நிறுத்தி, கேனால் அளந்து அதே கழுத்துவரை நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் செலவு. டேஷ்போர்டில் இருக்கும் டீசல் முள்ளை நம்பி இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

நேரத்தைச் செல்போனில் பாருங்கள். கேபிளில் ஓடும் பழைய ஹவர் மீட்டர்கள், இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போதுதான் சரியாக ஒரு மணி நேரத்தைக் காட்டும். ரேஸ் குறைவாக இருந்தால் மீட்டரும் மெதுவாக ஓடும்.

நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, எந்த வயல், எந்தக் கருவி, ஈரம் எப்படி, எவ்வளவு நேரம், எத்தனை லிட்டர், எத்தனை சென்ட். மூன்று தடவை இப்படி எழுதினாலே வண்டியின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

நமது எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் அளந்து பார்த்தபோது மணிக்கு 5 லிட்டர், மணிக்கு ஒரு ஏக்கர் என்று வந்தது. அதாவது ஏக்கருக்கு 5 லிட்டர். ஒன்பது கொத்துக் கலப்பைக்கு, ஓரளவு பதமான நிலத்தில், இது அதிகம்தான். ஆனால் தவறு இன்ஜினில்தான் என்று இந்த எண் சொல்லவில்லை.

ஒரு லிட்டர் டீசல் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 10 யூனிட். இதில் நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜின் சுமார் மூன்று முதல் மூன்றரை யூனிட்டை மட்டுமே சுழலும் சக்தியாக மாற்றித் தருகிறது. மீதி சூடாக ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. இது எல்லா இன்ஜினுக்கும் பொதுவானது. இதை விவசாயியால் மாற்ற முடியாது.

அடுத்து, அந்த மூன்று யூனிட் கியர் வழியாகச் சக்கரத்துக்கு வந்து, சக்கரம் மண்ணைப் பிடித்து, கலப்பையை இழுக்க வேண்டும். தார்ச்சாலையில் சக்கரத்துக்கு நல்ல பிடி இருக்கும். கெட்டியான நிலத்தில் அது குறையும். உழுது பொலபொலவென்று கிடக்கும் மண்ணிலோ, சக்கரம் புதைந்தும் வழுக்கியும் ஏறக்குறைய பாதி சக்தியைத் தின்றுவிடும். ஆக, 10 யூனிட்டில் கலப்பையை உண்மையில் இழுப்பது ஒன்றரை முதல் இரண்டு யூனிட்தான்.

விவசாயியின் கையில் இருப்பது இந்த இரண்டாவது கட்டம். சக்கரம், எடை, கியர், கலப்பை, வயலில் ஓட்டும் முறை ஆகிய ஐந்தும் மெக்கானிக் இல்லாமலே சரிசெய்யக் கூடியவை.

சக்கரம் வழுக்குவதை அளக்கலாம்

கலப்பையை இழுக்கும்போது பின்சக்கரம் சிறிதாவது வழுக்கியே தீரும். இரண்டு சக்கர இழுவை உள்ள டிராக்டரில் 10 முதல் 15 சதவிகிதம் வழுக்கல் என்பது சரியான அளவு. அது 25, 30 என்று போனால் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்று பொருள்.

அளக்கும் முறை இதுதான். பின் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். வேலை நடக்கும் அதே வயலில், கலப்பையைத் தூக்கி வைத்து, சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை ஓட்டி, எவ்வளவு தூரம் போனது என்று டேப்பால் அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி, வழக்கமான ஆழத்தில் உழுதுகொண்டே 10 சுற்றுக்கு அளக்க வேண்டும். முதலாவது 40 மீட்டர், இரண்டாவது 34 மீட்டர் என்றால் 6 மீட்டர் குறைவு. அது 15 சதவிகித வழுக்கல். இரண்டாவது 28 மீட்டர்தான் என்றால் 30 சதவிகிதம்.

15 சதவிகிதத்துக்கும் 30 சதவிகிதத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றில் 100 மீட்டர் போக வேண்டிய சக்கரம் 85 மீட்டர் போகிறது, மற்றதில் 70 மீட்டர்தான் போகிறது. ஒரே வயலை முடிக்க ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் நேரம் பிடிக்கும். டீசலும் அதே அளவில் கூடும். டயர் தேய்வது தனி.

வழுக்கல் கூடினால் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, காற்று. டிரெய்லர் ஓட்டுவதற்காகப் பின் டயரில் காற்றை ஏற்றிவிட்டு, அப்படியே வயலில் இறக்குவது பரவலாக நடக்கிறது. டயர் கல்லாக இருந்தால் மண்ணோடு சேரும் பரப்பு குறைந்து பிடி போய்விடும். 40 முதல் 50 ஹெச்.பி. வரையிலான பெரும்பாலான வண்டிகளுக்கு வயல் வேலையில் பின் டயருக்கு 12 முதல் 14 பி.எஸ்.ஐ. போதும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவே இறுதியானது. சாலை வேலைக்குப் போகும்போது மறக்காமல் காற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எடை. பின் டயரில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்புவது பழைய, செலவில்லாத முறை. வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி நிரப்ப வேண்டும். இரும்பு எடைகளும் மாட்டலாம். ஆனால் வழுக்கல் 8 சதவிகிதத்துக்கும் கீழே போய்விட்டால் எடை அதிகம் என்று அர்த்தம். தேவையில்லாத பாரத்தைச் சுமந்து செல்லவும் டீசல் செலவாகும், மண்ணும் இறுகும்.

மூன்றாவது, டயரின் பட்டைகள். அவை தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் மேலே சொன்ன இரண்டும் ஓரளவுதான் உதவும்.

கியரைக் கூட்டு, ரேஸைக் குறை

“புல் ரேஸ் வெச்சு, சின்ன கியர்ல போட்டாத்தான் வண்டி திணறாது” என்பது பல ஓட்டுநர்களின் நம்பிக்கை. கடினமான சட்டிக் கலப்பை வேலைக்கு அது சரி. ஆனால் மண் கலைப்பது, களை கிளறுவது, மருந்து தெளிப்பது போன்ற இலேசான வேலைக்கு இன்ஜினின் முழு சக்தி தேவைப்படுவதில்லை. அப்போது ஒரு கியர் கூட்டி, ரேஸைக் குறைத்தால் வண்டி அதே வேகத்தில் போகும், இன்ஜின் சுழற்சி குறையும், உராய்வில் போகும் டீசல் மிச்சமாகும். இலேசான வேலைகளில் இந்த ஒரு பழக்கம் மட்டுமே 10 முதல் 30 சதவிகிதம் வரை டீசலை மிச்சப்படுத்தும்.

எல்லை எது என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. அந்த கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ரேஸைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். இன்ஜின் உடனே வேகம் எடுத்தால் பாரம் சரியாக இருக்கிறது. வேகம் எடுக்காமல் கரும்புகை தள்ளினால் வண்டி திணறுகிறது. ஒரு கியர் குறைத்துவிட வேண்டும். திணறும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் இன்ஜினுக்குக் கேடு.

ரோட்டவேட்டர், பவர் ஸ்பிரேயர் போன்ற பி.டி.ஓ. கருவிகளில் இதை அப்படியே செய்யக் கூடாது. அவற்றுக்குத் தண்டின் சுழற்சி நிமிடத்துக்கு 540 இருக்க வேண்டும். சில வண்டிகளில் குறைந்த இன்ஜின் வேகத்திலேயே 540 சுழற்சி தரும் எகானமி பி.டி.ஓ. வசதி இருக்கிறது. மருந்து தெளிப்பது போன்ற வேலைகளுக்கு அதைப் பயன்படுத்தினால் டீசல் குறையும். வண்டியில் அந்த வசதி இருந்தும் ஒரு தடவைகூட அந்த நெம்புகோலைத் தொடாதவர்கள் பலர்.

நிறுத்தி வைத்துப் பேசும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சும்மா ஓடிக்கொண்டிருக்கும் டிராக்டர் இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலை எரிக்கும். வரப்பில் டீ வந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் குடிக்கலாம்.

கலப்பையும் பதமும்

ஒன்பது கொத்துக் கலப்பையின் கொழு முனை மழுங்கிவிட்டால் அது மண்ணைக் கீறுவதில்லை, தள்ளுகிறது. இரு முனையும் உள்ள கொழுவாக இருந்தால் ஒரு முனை தேய்ந்ததும் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். இது அரைமணி நேர வேலை. ரோட்டவேட்டர் கத்திகளும் அப்படித்தான். தேய்ந்த கத்தியோடு இரண்டு சால் ஓட்டுவதைவிட, புதுக் கத்தி போட்டு ஒரே சாலில் முடிப்பது மலிவு.

ஆழத்தில் கவனம் வேண்டும். நான்கு அங்குலம் போதுமான இடத்தில் ஆறு அங்குலம் இறக்கினால் இழுவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ஆழ உழ வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது கோடை உழவுக்கும், அடிமண் இறுகிய நிலத்துக்கும் பொருந்தும். விதைப்புக்கு முன்பு கடைசியாக மண்ணைக் கலைக்கும் உழவுக்கு அந்த ஆழம் வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது பதம். காய்ந்து இறுகிய மண்ணில் கலப்பை கட்டி கட்டியாகப் பெயர்க்கும், பிறகு அந்தக் கட்டியை உடைக்க இரண்டு சால் கூடுதலாக ஓட்ட வேண்டி வரும். ஈரம் மிஞ்சினால் சக்கரம் புதையும். கையில் எடுத்து உருட்டினால் உருண்டையாகி, விரலால் அழுத்தினால் உதிரும் பதத்தில் உழுதால் டீசலும் குறையும், மண்ணும் நன்றாக வரும். மழை பெய்த மறுநாளே வண்டியை இறக்க அவசரப்படாமல், மண்வாகைப் பார்த்து ஓரிரு நாள் பொறுப்பது டீசல் கணக்கில் லாபம்தான்.

நெல் வயலில் சேற்றுழவுக்கும் இது பொருந்தும். ஜூன் 12-ம் தேதியை ஒட்டி மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். தண்ணீர் கட்டிய அன்றே கேஜ் வீல் போட்டு இறக்குவதைவிட, ஓரிரு நாள் ஊறவிட்டு இறக்கினால் குறைந்த சாலில் சேறாகும். தேவைக்கு மேல் சால் ஓட்டுவதால் விளைச்சல் கூடுவதில்லை, டீசல்தான் கூடும்.

திரும்பும் இடத்தில் கரையும் டீசல்

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வயல் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 208 அடி. கலப்பையின் அகலம் ஆறரை அடி என்றால் 32 சால் ஓட்ட வேண்டும், அதாவது 32 தடவை திரும்ப வேண்டும். அதே ஒரு ஏக்கர் 400 அடி நீளம், 109 அடி அகலம் என்று இருந்து, நீளவாக்கில் ஓட்டினால் 17 தடவை திரும்பினால் போதும். ஒரு திருப்பத்துக்கு 25 விநாடி என்றால் முதலாவதில் 13 நிமிடம், இரண்டாவதில் 7 நிமிடம். ஏக்கருக்கு 6 நிமிடம் மிச்சம்.

சிறு விவசாயிகளின் வயல் 30 சென்ட், 40 சென்ட் என்று துண்டு துண்டாகத்தான் இருக்கும். அங்கே இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். எப்போதும் நீளவாக்கில் ஓட்டுங்கள். பக்கத்து வயல்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் வண்டியை அழைத்தால், வண்டி வந்து போகும் டீசலும் நேரமும் எல்லோருக்கும் பகிர்ந்துவிடும். அரை ஏக்கர் உழ எட்டு கிலோமீட்டர் வந்து போகும் வண்டியின் டீசலுக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டியவை

மேலே சொன்னவற்றைச் சரிசெய்த பிறகும் செலவு குறையவில்லை என்றால் இன்ஜினைப் பாருங்கள். அப்போதும் எளிதானதில் இருந்து தொடங்க வேண்டும்.

ஏர் கிளீனர்: புழுதியில் ஓடும் நாட்களில் தினமும் பார்க்க வேண்டும். ஆயில் வகையாக இருந்தால் கிண்ணத்தில் படிந்த சேற்றைக் கழுவி, குறித்த அளவுக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். காற்று போதாத இன்ஜின் டீசலைக் கரும்புகையாக வெளியே தள்ளும்.

கசிவு: இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி. நான்கு விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு மணிக்கு 45 மில்லி. டேங்க் பக்கக் குழாயில் கசிந்து, இரவிலும் டீசல் காக்கை மூடாமல் விட்டால் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல். மாதத்துக்கு முப்பது லிட்டர்! ஒரு வாஷர் மாற்றினால் தீர்ந்துவிடும் விஷயம் இது.

தெர்மோஸ்டாட்: வண்டி சூடாகிறது என்றால் சிலர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். குளிர்ந்த இன்ஜின் டீசலை அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும். பழுதானால் புதிது மாட்ட வேண்டும். ரேடியேட்டர் வலையில் அடைத்திருக்கும் தூசியையும் வைக்கோலையும் முதலில் துடைத்துப் பாருங்கள்.

கிளட்ச், பிரேக்: கிளட்ச் நழுவினாலும் பிரேக் பிடித்தபடி இருந்தாலும் டீசல் போகும். கிளட்ச் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டும் பழக்கத்தை விட வேண்டும்.

புகை: கரும்புகை தொடர்ந்து வந்தால் காற்று போதவில்லை, பாரம் அதிகம் அல்லது இன்ஜெக்டர் சரியில்லை. நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை வந்தால் டீசல் சரியாக எரியாமல் போகிறது அல்லது தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஆயில் குறைந்துகொண்டே வந்து, நீலப்புகையும் தொடர்ந்தால் அப்போது இன்ஜினைப் பிரிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

நோட்டு சொன்ன பதில்

எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு வருவோம். வண்டியில் நீலப்புகை இல்லை. ஆயிலும் குறையவில்லை. பின் டயரில் காற்று 22 பி.எஸ்.ஐ. இருந்தது, டிரெய்லருக்காக ஏற்றியது. சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்தால் 40 மீட்டருக்கு 29 மீட்டர்தான் போனது. வழுக்கல் 27 சதவிகிதத்துக்கும் மேல். கொழு மூன்று மழுங்கிப்போயிருந்தன. ஓட்டுநர் எல்லா வேலைக்கும் புல் ரேஸ். டீசல் குழாயில் ஒரு கசிவு.

காற்றை 13-க்கு இறக்கி, டயரில் தண்ணீர் நிரப்பி, கொழுக்களைத் திருப்பி மாட்டி, வாஷர் மாற்றி, ஒரு கியர் கூட்டி ஓட்டினார்கள். நீளவாக்கில் மட்டுமே சால் போட்டார்கள். மறுபடி அளந்தபோது மணிக்கு 5.2 லிட்டர் என்று வந்தது. “முன்னைவிடக் கூடத்தானே குடிக்குது!” என்று ஓட்டுநருக்கு ஏமாற்றம். நோட்டைப் பார்த்தால் மணிக்கு 1.35 ஏக்கர் உழுதிருந்தது. ஏக்கருக்கு 3.85 லிட்டர். முன்பு 5 லிட்டர்.

ஏக்கருக்கு 1.15 லிட்டர் மிச்சம். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு 107 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 200 ஏக்கருக்கு 230 லிட்டர், 21,390 ரூபாய். நகை வீட்டிலேயே இருந்தது. மணிக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்திருந்தால் வண்டி இன்னும் மோசமாகிவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

வாடகைக்கு உழவு ஓட்டுபவர்களும் இதைக் கவனிக்கலாம். மணிக்கணக்கில் வாடகை பேசும்போது, வழுக்கும் டயரோடும் மழுங்கிய கொழுவோடும் வரும் வண்டிக்கு நீங்கள்தான் கூடுதல் பணம் கொடுக்கிறீர்கள். ஏக்கருக்கு இவ்வளவு, இத்தனை சால், இந்த ஆழம் என்று பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வேளாண்மைப் பொறியியல் துறையிலும் டிராக்டரும் கருவிகளும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. அங்கே பதிவு செய்பவர்கள், வண்டி வரும் முன்பே வயலில் கிடக்கும் தட்டை, கல், குழாய்களை அகற்றி வைத்துவிட்டால் மீட்டர் வீணாக ஓடாது.

புது வண்டி வாங்குபவர்கள் விற்பனையாளர் சொல்லும் லிட்டர் கணக்கோடு நின்றுவிட வேண்டாம். மத்தியப் பிரதேச மாநிலம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. ஒரே அளவு சக்திக்கு எந்த வண்டி எத்தனை கிராம் டீசல் எடுக்கிறது என்பது அதில் இருக்கும். வாங்கப்போகும் மாடலின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் செலவு குறையுமா?

குறையாது. லிட்டருக்கு லிட்டர் மண்ணெண்ணெயில் ஆற்றல் சற்றுக் குறைவு. அதைவிட முக்கியம், டீசல் பம்பின் உள்பாகங்களுக்கு டீசலே மசகாக இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு போதாது. பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்தால் மிச்சம் பிடித்ததற்குப் பல மடங்கு செலவாகும்.

கேள்வி: டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜினில் உள்ளே போகும் டீசல் 98 சதவிகிதத்துக்கும் மேல் எரிந்துவிடுகிறது. காந்தம் வந்து கூடுதலாக எரிக்க எதுவும் மீதியில்லை. அந்தப் பணத்தில் ஏர் கிளீனரையும் டீசல் ஃபில்டரையும் மாற்றலாம்.

கேள்வி: பெரிய ஹெச்.பி. வண்டி வாங்கினால் ஏக்கருக்கு டீசல் குறையுமா?

அதற்கேற்ற பெரிய கருவியும், நீளமான வயலும், போதிய வேலையும் இருந்தால் குறையலாம். 55 ஹெச்.பி. வண்டியில் ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி 40 சென்ட் வயலில் ஓட்டினால் கூடத்தான் செய்யும்.

கேள்வி: வீட்டில் காரும், காய்கறி ஏற்றும் சிறிய வேனும் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே கணக்குதானா?

அளக்கும் முறை ஒன்றுதான், டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்புவது. ஆனால் டயர் விஷயத்தில் நேர் எதிர். மண்ணில் டிராக்டருக்குக் காற்றைக் குறைத்தால் நல்லது. சாலையில் காருக்கும் வேனுக்கும் காற்று குறைந்தால் டயர் அமுங்கி எரிபொருள் கூடும். வேகமும் முக்கியம். மணிக்கு 80 கிலோமீட்டரில் இருந்து 100-க்குப் போனால் எதிர்க்காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். சந்தைக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி நிதானமாகப் போவதே மலிவு.

அடுத்த உழவுக்கு வண்டியை எடுக்கும் முன் ஒரு நோட்டும், ஒரு துண்டு சுண்ணாம்புக்கட்டியும், அளவு கேனும் எடுத்து வையுங்கள். முதல் ஏக்கரை அளந்து எழுதிய பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.